பூஜ்ஜியத்தில் இருபது சதவீதம்

பூமி பிழைத்துக்கொண்டது. வாசகர்கள் வீணாகக் கவலைப்படக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைக்க வைத்தது எங்கள் அலுவலகம். இடம், மூன்றாவது மாடி, கூட்ட அறை. நேரம், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே கால், தேநீர் வருவதற்குச் சற்று முன்பு. அப்போதுதான் 'பசுமை வளர்ச்சி ஒருங்கிணைப்புப் பிரிவு' தொடங்கப்பட்டு, அதன் கண்காணிப்பாளராக நான் நியமிக்கப்பட்டேன். அதுவரை நாற்காலி, மேசை, துடைப்பம் ஆகியவற்றைக் கொள்முதல் செய்யும் பிரிவில் இருந்தேன். ஒரே நாளில் துடைப்பத்திலிருந்து பூமிக்கு உயர்த்தப்பட்டவர் அரசாங்கத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த மாதிரிக் காரியங்களைப் பொதுத்துறையால்தான் செய்ய முடியும். தனியார் என்றால் உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மரம் நடப் போய்விடுவார்கள். மரம் நட்டு, அது வளர்ந்து, நிழல் தருவதற்குள் நமக்கு ஓய்வு வயது வந்துவிடும். சுற்றறிக்கை அப்படியல்ல. விட்ட அன்றே வேலை செய்யும்.

எங்கள் சுற்றறிக்கை சுருக்கமானது, பதினேழே பக்கம். அதன் சாரம் இதுதான்: "ஒவ்வொரு பிரிவும் தனது மின் நுகர்வைச் சென்ற காலாண்டைவிட இருபது சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். தவறும் பிரிவின் பொறுப்பாளர் பசுமைக்கு ஒத்துழைக்காதவராகக் கருதப்பட்டு, கடைசிக் கிளைக்கு மாற்றப்படுவார்." கடைசிக் கிளை என்பது பேருந்தில் மூன்று மணி நேரம். இறங்கியபிறகு நடை வேறு. அதற்கு அப்பால் எங்கள் துறைக்கு எதுவும் கிடையாது என்பதால் அந்தப் பெயர். "குறைக்க வேண்டும்" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். இயக்குநர் பேனாவை எடுத்து "குறைத்துக் காட்ட வேண்டும்" என்று திருத்தினார். அனுபவம் என்றால் அது.

பலன் கைமேல் கிடைத்தது. இயக்குநர் அறையில் மூன்று ஏசி. அவர் தாமே முன்வந்து ஒன்றை நிறுத்தினார். முப்பத்து மூன்று சதவீதம்! மீதி இரண்டு ஏசியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. கணக்குப் பிரிவில் விளக்குகள் விடிய விடிய எரியும். அணைக்கக் கூடாது என்றில்லை, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் காலாண்டில் எல்லோரும் சேர்ந்து தேடினார்கள். அலமாரிக்குப் பின்னால் இருந்தது. நாற்பத்தைந்து சதவீதம்! என் பழைய பிரிவில் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், அதுவும் ஓய்வுபெற்றுப் போன ஒருவருடையது. பெட்டியை நிறுத்தினோம். ஐம்பத்தொரு சதவீதம்!

யார் அதிகமாக வீணாக்கிக்கொண்டிருந்தார்களோ அவர்களே அதிகமாகச் சேமித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் இத்தனை காலமாக எவ்வளவு பசுமை பதுங்கிக் கிடந்திருக்கிறது என்று நினைத்தால் பிரமிப்பாக இருந்தது.

கணினியில் அட்டவணை போட்டேன். இருபதைத் தாண்டினால் கட்டம் பச்சையாகும்படி அமைத்திருந்தேன். மளமளவென்று பச்சை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு. உள்ளே எண்கூட இல்லை. 'பிழை' என்று ஒரே ஒரு சொல். பிரிவு: பதிவறை. பொறுப்பாளர்: அக்கா.

அக்கா என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் இயக்குநரைத் தவிர எல்லோருக்கும் அவர் அக்காதான். தரைத்தளத்தில், கட்டடத்தின் கோடியில் இருக்கிறது பதிவறை. முப்பது வருடத்துக் கோப்புகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். எதைக் கேட்டாலும் தேநீர் ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்த அறையில் எட்டு அடி அகலத்துக்கு ஒரு ஜன்னல். அக்கா வெளிச்சத்தோடு கூடவே மேசையைத் தள்ளிக்கொண்டு போவார். காலையில் ஜன்னலின் இந்த ஓரம், மாலையில் அந்த ஓரம். காற்று நன்றாக வரும் என்பதால் மின்விசிறி கிடையாது. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதால் விளக்கும் கிடையாது. அவருடைய மீட்டர் பூஜ்ஜியத்தில் நின்றது. பழுது என்று நினைத்து எலக்ட்ரீசியன் மீட்டரை மாற்றினார். புது மீட்டரும் பூஜ்ஜியத்திலேயே நின்றது.

சென்ற காலாண்டில் பூஜ்ஜியம். இந்தக் காலாண்டிலும் பூஜ்ஜியம். சல்லிக்காசு அளவுகூட முன்னேற்றம் இல்லை.

மறுஆய்வுக் கூட்டத்தில் இயக்குநர் வருத்தத்தோடு கேட்டார். "ஏம்மா, எல்லாரும் இவ்வளவு பாடுபட்டிருக்காங்க. நீங்க ஒரு அஞ்சு சதவீதமாவது குறைச்சிருக்கக் கூடாதா?"

"குறைக்க என்ன சார் இருக்கு? நான்தான் எதையும் போடுறதே இல்லையே."

"அதான் பிரச்சனையே! முன்னாடியே யோசிச்சுக் கொஞ்சம் போட்டு வச்சிருக்கணும்."

"தேவைப்படலை சார்."

"தேவைப்படலைன்னா எப்படி? கணக்குப் பிரிவுக்கு மட்டும் ராத்திரியில விளக்கு தேவைப்பட்டுச்சா? அவங்க எரிக்கலையா?"

கணக்குப் பிரிவினர் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விதிப்படி அக்காவுக்குக் குறிப்பாணை கொடுத்தேன். "சென்ற காலாண்டில் மின்சாரம் பயன்படுத்தாததற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்." பதில் அன்றைக்கே வந்தது. ஒரு பழைய உறையைப் பிரித்து, அதன் உட்புறத்தில் எழுதியிருந்தார்: "ஜன்னல் இருந்தது." இதைக் கோப்பில் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று மாலை அக்கா என் மேசைக்கு வந்தார். அவர் எதற்கும் வந்து நிற்கிற ஆளே அல்ல.

"சார், மாத்திடுவீங்களா?"

"விதி அப்படித்தான் இருக்கு அக்கா."

"எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு நாலு மாசம் ஆகுது. மதியம் நான் போய்த்தான் சாப்பாடு கொடுத்து, கையைப் பிடிச்சு நடக்க வைக்கிறேன். இப்பதான் வாசல் வரைக்கும் வர்றார். வீடு இங்கேருந்து எட்டு நிமிஷம். கடைசிக் கிளைக்குப் போயிட்டா அவரை யாரு சார் எழுப்பி நடக்க வைப்பாங்க? படுத்தே கிடந்தா நடை அப்படியே விட்டுப்போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

நான் இளகிய மனசுக்காரன். துடைப்பப் பிரிவிலேயே எனக்கு அந்தப் பெயர் உண்டு. "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். சரியாகத் தெரு முனையில் வழி புலப்பட்டது. பூஜ்ஜியத்திலிருந்து யாராலும் குறைக்க முடியாது. ஆகவே அக்காவைப் பூஜ்ஜியத்திலிருந்து மீட்க வேண்டும். ஒரு காலாண்டு முழுக்க அவர் மின்சாரத்தைத் தாராளமாகச் செலவழிக்கட்டும். அடுத்த காலாண்டில் குறைக்கட்டும். இதற்கு 'அடிப்படை நுகர்வை உருவாக்குதல்' என்று பெயரும் வைத்தேன்.

மறுநாள் விவரத்தைச் சொன்னதும் இயக்குநர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "ஆனா முதல் காலாண்டுல ஏறிப்போயிடுமே?" என்று ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"சார், நம்ம பிரிவோட பேரே பசுமை வளர்ச்சி. முதல் காலாண்டுல வளர்ச்சி. அடுத்த காலாண்டுல பசுமை."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் அப்படிப் பார்த்தால் நமக்கு நல்ல காலம் என்று பொருள்.

பதிவறைக்கு ஒரு ஏசி அனுமதிக்கப்பட்டது. ஜன்னல் திறந்திருந்தால் ஏசி எடுபடாது என்று தச்சர் வந்து எட்டடி ஜன்னலைப் பலகை போட்டு அடைத்தார். அறை இருண்டது. அதனால் பன்னிரண்டு விளக்குகள் பொருத்தினோம். அடைத்தது ஒரு ஜன்னல்தான்; கிடைத்தது இரண்டு வகை நுகர்வு.

எலக்ட்ரீசியன் ஏணியில் நின்றபடியே கேட்டார். "சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"வெளிச்சம் வர்ற ஜன்னலை அடைச்சுட்டு விளக்குப் போடுறோம். மூணு மாசம் கழிச்சு விளக்கைக் குறைக்கணும். அப்ப இந்தம்மா எப்படிப் படிப்பாங்க?"

"அப்போ ஒரு பலகையைக் கழட்டிக்கலாம்."

"அதுக்கு இப்பவே..."

"உனக்கு வேலை ஒயர் இழுக்கறது. கொள்கை விஷயத்துல தலையிடாதே."

அவர் தலையிடவில்லை. ஆனால் இறங்கும்போது ஏதோ முணுமுணுத்தார். ஏணியின் கிறீச்சொலியில் எனக்குக் கேட்கவில்லை, கேட்காததும் நல்லதுதான்.

திட்டத்தில் ஒரே ஒரு இடைஞ்சல், அக்காதான். இருபத்திரண்டு வருடப் பழக்கம், லேசில் போகுமா? அறையை விட்டு வெளியே கால் வைத்தால் கை தானாகவே சுவிட்சுக்குப் போய்விடும். மதியம் வீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவார். மீட்டர் நகரவே மறுத்தது. ஒருநாள் நான் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்னக்கா இது? மறுபடியும் அணைச்சுட்டீங்களா?"

"அறையில யாரும் இல்லையே சார். சும்மா எதுக்கு ஓடணும்?"

"இப்படி நீங்க உங்க சௌகரியத்தை மட்டும் பார்த்தா எப்படி? பூமியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "தப்புதான் சார்" என்று மறுபடியும் போட்டார். இனிமேல் மறக்கக் கூடாது என்று சுவிட்சுகளின் மேல் நாடா ஒட்டி, 'அணைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதி வைத்தேன். கீழே ஓர் இலையின் படமும் வரைந்தேன்.

அன்றிரவு சாப்பிடும்போது இந்தச் சாதனையை வீட்டில் சொன்னேன். என் மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்கு. நானும் நாளையிலேருந்து ஒரு நாளைக்கு அஞ்சு வேளை சமைக்கிறேன். மூணு மாசம் கழிச்சு நாலு வேளையாக் குறைச்சுடறேன். எனக்கும் ஏதாவது பட்டம் கொடுப்பீங்களா?"

"இதெல்லாம் நிர்வாக விஷயம். உனக்குப் புரியாது."

"புரியாமலா? அந்தம்மா குளிர்ல என்ன பண்ணுறாங்க?"

சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறார் என்றேன். மனைவி எழுந்து போய்க் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். அதை எரியவிட்டு வந்தது நான்தான்.

ஜன்னல் அடைத்த ஆறாவது வாரத்தில் கோப்புகளில் பூஞ்சை பிடித்தது. முப்பது வருடமாகக் காற்றில் உலர்ந்து கிடந்தவை அவை. அக்கா பதறிப்போய் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார். நான் பதறவில்லை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வரவழைத்தேன். இரவும் பகலும் ஓட வேண்டிய இயந்திரம். மீட்டர் குதித்தது. கெட்டதிலும் ஒரு நல்லது என்பார்களே, அது இதுதான். காலாண்டு முடிவில் பதிவறை எங்கள் அலுவலகத்தின் மிகப் பெரிய மின் நுகர்வாளர்களில் ஒன்றாக, இயக்குநர் அறைக்கு அடுத்தபடியாக, தலைநிமிர்ந்து நின்றது. அக்காவுக்கு இருமல் இருந்தது. மற்றபடி எல்லாம் திட்டப்படி நடந்தது.

அடுத்த காலாண்டில் குறைப்பு. "சார், எல்லாத்தையும் நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்துடட்டுமா?" என்று அக்கா ஆசையாகக் கேட்டார். முகத்தில் மூன்று மாதமாகக் காணாத ஒரு தெளிச்சி. நான்தான் நிதானப்படுத்த வேண்டியதாயிற்று. நூறு சதவீதம் குறைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டால் அதற்கடுத்த காலாண்டில் என்ன செய்வது? ஆகவே ஒரே ஒரு பலகையைக் கழற்றினோம். நாலு விளக்குகளை அணைத்தோம். ஏசியை மாலை நாலு மணியோடு நிறுத்தினோம். கட்டம் பச்சையாயிற்று. முப்பத்தெட்டு சதவீதம்!

அக்கா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே மாத்த மாட்டாங்கல்ல சார்?"

"உங்களையா? இனி உங்களை யாரும் அசைக்க முடியாது."

"இவர் இப்ப தெரு முனை வரைக்கும் நடக்குறார் சார். இன்னும் ஒரு ஆறு மாசம் விடாம நடக்க வச்சா கம்பு வேண்டாம்னு டாக்டர் சொல்றாரு."

எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. இதைப் பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த சந்தோஷத்தில்தான் அறிக்கையைச் சற்றுத் தாராளமாக எழுதினேன். "எந்த வசதியும் இல்லாத நிலையில் தொடங்கி, குறுகிய காலத்தில் நுகர்வை வியக்கத்தக்க அளவில் உயர்த்தி, அதே வேகத்தில் குறைத்துக் காட்டிய பதிவறைப் பொறுப்பாளரின் சாதனை ஈடு இணையற்றது. இத்தகைய ஒருவர் ஒவ்வொரு கிளைக்கும் தேவை." கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

தலைமையகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பதிவறையைச் சுற்றிப் பார்த்தார். அடைத்த ஜன்னலில் ஒரு பலகை மட்டும் கழன்றிருந்த இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"இயற்கை வெளிச்ச முன்னெடுப்பு" என்றேன்.

அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு 'பசுமை முன்னோடி' என்ற பட்டம், சால்வை, பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ். அக்கா ஏற்கனவே ஒரு சால்வை போர்த்தியிருந்ததால் இதை அதற்கு மேலேயே போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினோம். நான் சற்று அதிகமாகவே தட்டினேன்.

நாலு நாள் கழித்து இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் என் அறிக்கை. கடைசி வாக்கியத்தின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு கிளைக்கும் தேவைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்னு பட்டியலைப் பார்த்தேன். கடைசிக் கிளைக்கு இன்னும் மின் இணைப்பே கிடையாதாம். சுத்தமா பூஜ்ஜியம்! இந்தம்மாவை விட்டா அந்த இடத்தைத் தூக்கி நிறுத்த யாரு இருக்காங்க?"

"சார், அவங்க வீட்டுக்காரருக்கு உடம்பு..."

"இது தண்டனை இல்லைங்க, மரியாதை. உத்தரவுல 'பெருமையுடன் மாற்றப்படுகிறார்'னு போடுங்க."

போட்டேன். வரைவு என்னுடையது, சுருக்கொப்பமும் என்னுடையது. அன்று மதியம் டப்பாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

அக்கா உத்தரவை நின்றபடியே படித்தார். மடித்தார். திரும்பப் பிரித்து இன்னொரு தடவை படித்தார். அழுவார் என்று பயந்தேன், அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. பதிவறைச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"சார், ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். எதையும் போடாம இருந்தப்ப மாத்திடுவோம்னீங்க. நீங்க சொன்னபடி எல்லாத்தையும் போட்டேன், நீங்க சொன்னபடி குறைச்சேன், இப்ப மாத்தியே விட்டீங்க. இதுல நான் எந்த இடத்துல தப்பு பண்ணினேன்?"

பசுமை வளர்ச்சி தொடர்பாகப் பொதுமக்களோ பணியாளர்களோ கேட்கும் எந்தக் கேள்விக்கும் ஏழு நாட்களுக்குள் பதில் அளிக்க வேண்டியது என் கடமை. இந்தக் கேள்விக்கு மட்டும் அங்கேயே, அப்போதே, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க தப்பே பண்ணலை அக்கா. பண்ணியிருந்தா, அதுல இருபது சதவீதத்தைக் குறைச்சுட்டு எங்களை மாதிரி நீங்களும் இங்கேயே இருந்திருக்கலாம்."